ஆடியில் ஏற்றிய சின்ன வெங்காயம் மார்கழி வரை நிற்குமா? பட்டறை பற்றிய இழை

ஜூலை 9, வாசகர் கேள்வி

அண்ணா, திருப்பூர் மாவட்டம் பொங்கலூருக்குத் தெற்கே ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டிருக்கிறேன். ஆடி இரண்டாம் வாரத்தில் பிடுங்க வேண்டும். இப்போதுள்ள விலைக்கு விற்றால் கூலிக்கும் உரத்துக்கும் சரியாகப் போய்விடும். பட்டறை போட்டு, அதாவது காற்றோடும் சேமிப்புக் கொட்டகை கட்டி, மார்கழி வரை வைத்திருந்தால் கட்டாயம் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். தென்னங்கீற்றும் கம்பும் வீட்டிலேயே இருக்கின்றன. பட்டறையை ஒழுங்காகப் போட்டுவிட்டால் வெங்காயம் நின்றுவிடும்தானே?

ஜூலை 10

வெங்காயம் நிற்பதும் நிற்காததும் பிடுங்குவதற்கு முந்தைய சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது, தம்பி. நிலத்தில் அமைந்த தரத்தைப் பட்டறை காக்கும். அதைக் கூட்டித் தராது. ஆகவே கீற்றையும் கம்பையும் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் வயலைப் பற்றிக் கேட்கிறேன்.

கடைசியாக யூரியா எப்போது இட்டீர்கள்? வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்கு எக்டருக்கு 60 கிலோ தழைச்சத்து சொல்கிறது. அதில் பாதி அடியுரம், மீதிப் பாதி நட்ட 30ஆம் நாள் மேலுரம். அதற்குப் பிறகு, காய் இன்னும் கொஞ்சம் பருக்கட்டும் என்ற ஆசையில் இடும் ஒவ்வொரு பிடியும் கழுத்தைத் தடிமனாக்குகிறது. கழுத்து தடித்த வெங்காயம் எத்தனை நாள் உலர்த்தினாலும் மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரக் கழுத்தின் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்குகிறது. உங்கள் வயலில் பத்துச் செடியைப் பிடுங்கிக் கழுத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். மெல்லியதாக மடிந்தால் பட்டறையை நினைக்கலாம். கட்டையாக நின்றால், அந்தக் காட்டு வெங்காயத்தை ஆடியிலேயே விற்றுவிடுங்கள். வேறு வழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்த்த பயிருக்குக் கடைசியில் காய்ச்சல் மட்டும்தான் வேண்டும். பிடுங்கும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அந்த நாள் அடுத்த வாரமே வந்துவிடுகிறது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் நம் மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் நேரமாக இருந்தால் மடையை அடைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். முறை வைத்து வரும் தண்ணீரை யாருக்கும் விடத் தோன்றாது. ஆனாலும் அதைத் தென்னைக்குத் திருப்புங்கள்.

ஜூலை 10, இரவு

ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் பயிர் காய் ஊன்றியதா, விதை தூவி நாற்று விட்டு நட்டதா என்று சொல்லவில்லை. காய் ஊன்றியது 65, 70 நாளில் வந்துவிடும். கோ 5 போன்ற விதை பிடிக்கும் இரகத்தை நாற்று விட்டு நட்டிருந்தால் 90 நாளை ஒட்டிப் போகும். நாளை மட்டும் எண்ணிப் பிடுங்காதீர்கள். பாதிக்கு மேல் தாள் மஞ்சளாகிச் சாய்ந்த பிறகு பிடுங்குங்கள். பச்சைத் தாளோடு பிடுங்கிய வெங்காயம் சந்தைக்கு ஆகும், பட்டறைக்கு ஆகாது.

ஜூலை 13

காய் ஊன்றியதுதான், கழுத்து மெல்லியதாகவே இருக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. இனிப் பட்டறை.

நம் பக்கத்துப் பட்டறையின் உயிர் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் வைகாசியிலிருந்து ஆவணி வரை பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் முழுதும் காற்று அடிக்கிறது. காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதற்குக் காரணமும் அதுவே. மற்ற ஊர்களில் மின்விசிறி வைத்துச் செய்கிற வேலையை நமக்கு ஆடிக் காற்று கூலி வாங்காமல் செய்கிறது. அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவதால் பட்டறை தெற்கு வடக்காக நீளமாக இருக்க வேண்டும்; அப்போதுதான் காற்று குறுக்கே புகுந்து, குறைந்த தூரத்தில் வெங்காயத்தைக் கடந்து, கிழக்கே வெளியேறும். கிழக்கு மேற்காக நீட்டிப் போட்ட பட்டறையில் மேற்கு முனை உலர்ந்திருக்கும், நடுப்பகுதி வெந்துபோகும்.

அகலம் நான்கடிக்கு மேல் வேண்டாம். தளத்தைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்துங்கள். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காலத்தில் கருங்கல் நட்டு, அதன்மேல் வேலங்கம்பு பரப்பி, அதற்கு மேல் மூங்கில் தப்பை (பிளந்த மூங்கில்) கட்டுவார்கள். இப்போது சிமெண்ட் கல் அடுக்கி மூங்கில் பரப்புகிறார்கள், அதுவும் நன்றே. தப்பைக்கும் தப்பைக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருக்க வேண்டும், ஆனால் காய் விழக்கூடாது. பக்கங்களுக்கு மூங்கில் தட்டி அல்லது கம்பிவலை. சாக்குப் படுதாவைச் சுற்றிக் கட்டுவது காற்றின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். மேலே கீற்றுக் கூரை, இரு பக்கமும் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். தகரக் கூரையின்கீழ் பகல் வெப்பம் ஏறி எடை கூடுதலாகக் குறையும். தகரம்தான் போட முடியும் என்றால் அதன்மேல் கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள்.

குவியலின் உயரம் மூன்றடி, மிஞ்சினால் நான்கடி. அதற்கு மேல் போனால் அடியிலுள்ள காய் நசுங்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும். நான்கடி அகலம், மூன்றடி உயரம் என்று வைத்தால் ஓரடி நீளத்துக்குச் சுமார் 180 கிலோ பிடிக்கும். ஒன்றரை ஏக்கரில் நல்ல விளைச்சலாக எட்டு டன் வந்தால் 45 அடி நீளம் தேவைப்படும். இடம் இருந்தால் ஒரே நீளமாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஜூலை 14

தொண்டாமுத்தூரிலிருந்து ஓர் அம்மையார், எங்கள் பக்கம் நீங்கள் சொல்லும் காற்று அவ்வளவாக வராதே, நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. மலையின் மறைவில் இருக்கும் ஊர்களில் காற்றும் குறைவு, ஈரமும் கூடுதல். நேற்று எழுதிய நான்கடி அகலம் காற்று வீசும் ஊர்களுக்கானது என்று கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்றடி போதும். உயரத்தையும் இரண்டரை அடியில் நிறுத்துங்கள். குவியலின் நடுவே மூங்கில் தப்பையால் பின்னிய கூண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால் அது காற்றுப் போக்கியாக நிற்கும். கொள்ளளவு குறையும். ஆனால் அழுகியதை அள்ளிக் கொட்டுவதைவிட அது மேல்.

ஜூலை 27

தம்பி பிடுங்கத் தொடங்கிவிட்டார். இந்த நேரத்தில் ஆள் பற்றாக்குறையால் எல்லோரும் அவசரப்படுகிற இடம் ஒன்று உண்டு, அது உலர்த்தல்.

பிடுங்கிய செடிகளை வயலிலேயே வரிசையாகப் படுக்க வையுங்கள், முதல் வரிசையின் காயை அடுத்த வரிசையின் தாள் மூடும்படி. வெயில் தாளில் படட்டும், காயில் படவேண்டாம். நேரடி வெயிலில் வெந்த காய் ஒரு பக்கம் வெளிறி மென்மையாகிவிடும். பட்டறையில் முதலில் கெடுவது அதுவே. மூன்று நான்கு நாளுக்குப் பிறகு நிழலுக்கு மாற்றி இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பரப்பி வையுங்கள். மேல்தோல் நிறம் ஏறிச் சலசலக்க வேண்டும். பிறகுதான் தாளை அறுக்க வேண்டும். அப்போதும் காயை ஒட்டி அறுக்காமல் ஓர் அங்குலம் கழுத்து விட்டு அறுங்கள். கூலிக்கு வரும் அம்மாக்கள் எடைக் கணக்கில் தாள் அறுப்பதால் வேகம் பார்ப்பார்கள், ஒட்ட அறுத்தால் பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும். சந்தைக்குப் போவதற்கு அந்த அழகு போதும். பட்டறைக்குப் போவதற்கு நாள் கூலி கொடுத்து நிதானமாக அறுக்கச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் இதற்குத் தனிக் கூலி கொடுப்பது வழக்கமாகி வெகுகாலம் ஆகிறது. அந்தச் செலவை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

ஏற்றும்போதே பிரித்துவிடுங்கள். கழுத்து தடித்தது, மண்வெட்டி பட்டது, தோல் உரிந்தது, கோழிக்கால் நோய் கண்ட வரப்போரத்துக் காய், எல்லாம் இன்றே விற்பனைக்கு. மிகப் பெரிய காயும் மிகப் பொடியானதும்கூடப் பட்டறைக்கு உகந்தவை ஆகா. நடுத்தரக் காய்தான் நிற்கும்.

ஆகஸ்ட் 3

இரண்டு மடங்கு விலை என்ற பேச்சுக்கு இப்போது வருகிறேன். தம்பி எட்டு டன்னில் எவ்வளவு ஏற்றுவது என்று கேட்டிருக்கிறார். பதில் கணக்கில் இருக்கிறது.

நூறு கிலோ ஏற்றி முப்பது கிலோ போனால் எழுபது கிலோ மிஞ்சும். ஏற்றும் நாளில் கிலோ 30 ரூபாய்க்கு விற்றிருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 3,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். அதே தொகை எழுபது கிலோவில் வர வேண்டுமானால் கிலோ 43 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது விலை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறீர்கள். அதற்கு மேல் கீற்று, மூங்கில், பிரித்தெடுக்கும் கூலி, ஐந்து மாத வட்டி. முப்பது விழுக்காடு இழப்பு என்பது நான் பயமுறுத்துவதற்காகச் சொன்ன எண் அன்று; ஐந்து மாதத்தில் நீர் வற்றி எடை குறைவது, அழுகல், முளைப்பு மூன்றும் சேர்ந்தால் சாதாரணப் பட்டறையில் அது எளிதாக வரும்.

அப்படியானால் பட்டறை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே நாளில் எல்லோரும் பிடுங்கி, ஒரே மண்டியில் எல்லோரும் இறக்கி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டு வரும் நிலையிலிருந்து சிறு பண்ணையத்துக்காரன் வெளியே வருவதற்குப் பட்டறையைத் தவிர வேறு கருவி இல்லை. அதன் பயன் காத்திருக்கும் உரிமை. உச்ச விலையைப் பிடிக்கும் சூதாட்டமாக அதை மாற்றிவிடக் கூடாது என்பதே நான் இந்த இழையில் மீண்டும் மீண்டும் சொல்லப் போவது. கடன் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் தேவையானதை இப்போதே விற்றுவிடுங்கள். மிச்சத்தை ஏற்றுங்கள். ஏற்றியதை ஐப்பசி முதல் மார்கழி வரை பகுதி பகுதியாக இறக்குங்கள்.

ஆகஸ்ட் 4

நேற்றைய கணக்கில் விதைக்காயைச் சேர்க்காமல் விட்டது அந்தக் கணக்கையே குறையாக்குகிறது. ஐப்பசிப் பட்டத்துக்குக் காய் ஊன்ற ஏக்கருக்கு ஏறக்குறைய 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். அந்த நேரத்தில் விதைக்காய் விலை சந்தை விலையைவிட எப்போதும் மேலே நிற்கும். வெங்காயத்துக்குப் பிடுங்கியவுடன் ஓர் உறக்கம் உண்டு. இரண்டு மூன்று மாதம் கழிந்தால்தான் சீராக முளைக்கும். ஆடியில் ஏற்றியது ஐப்பசியில் விதைக்குத் தகுந்த பக்குவத்தில் இருக்கும். ஆகவே சொந்தத்துக்குத் தேவையான விதையும், அண்டைத் தோட்டங்களுக்கு விற்கக்கூடிய விதையும்தான் பட்டறையின் முதல் வரவு. மார்கழி விற்பனை இரண்டாவது.

இரண்டு பட்டறையாகப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான். விதைப் பட்டறையை ஐப்பசியில் முழுதாகத் திறந்து முடித்துவிடலாம். மற்றதைத் தொட வேண்டியதில்லை.

முளைப்பைத் தடுக்க அறுவடைக்கு முன் மாலிக் ஹைட்ராசைடு தெளிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விதைக்கு வைக்கும் வெங்காயத்தில் அதைத் தெளித்தால் ஊன்றிய பிறகு முளைக்காது. இரண்டு நோக்கத்துக்கும் ஒரே காட்டில் பயிர் செய்யும் நமக்கு அது ஒத்துவராது என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 12

மாதம் ஒரு முறை பட்டறையைக் கலைத்துப் புரட்ட வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புரட்டும்போதெல்லாம் தோல் உரிகிறது, காய் அடிபடுகிறது. மேலும் ஓர் அழுகிய காயின் சாறு அது கிடந்த இடத்தோடு நிற்காமல் குவியல் முழுதும் தடவப்படுகிறது.

மூக்கை நம்புங்கள். காலையில் காற்று எழுவதற்கு முன், பட்டறையின் கிழக்குப் பக்கம் நின்று மெதுவாக நடந்து பாருங்கள். நல்ல பட்டறையில் உலர்ந்த தோலின் மணம்தான் இருக்கும். ஓரிடத்தில் புளித்த நாற்றம் வந்தால் அந்த இடத்துத் தட்டியை மட்டும் அவிழ்த்து, கை நீளும் அளவுக்கு எடுத்து, கெட்டதையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் அகற்றிவிட்டுக் கட்டிவிடுங்கள். காலால் மிதித்து ஏறக்கூடாது.

என்ன கெட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். தோலுக்கு அடியில் கரித்தூள் போலப் படிந்திருந்தால் அது கரும்பூசணம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வருவது. கூரை ஒழுகுகிறதா, காற்று அடைபட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அடித்தட்டில் வெண்பூசணம் பிடித்து வேர்ப்பக்கம் மட்கியிருந்தால் அது நிலத்திலிருந்தே வந்த அடியழுகல். அந்தக் காட்டில் அடுத்த பட்டத்தில் வெங்காயத்தை மாற்றிச் சோளமோ மக்காச்சோளமோ போடுங்கள். வழவழவென்று நீர் கசிந்து மூக்கைத் துளைத்தால் அது பாக்டீரியா அழுகல். பெரும்பாலும் கழுத்து ஈரத்தோடு ஏற்றியதன் விளைவு. ஜூலை 10 அன்று கழுத்தைப் பற்றி அவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் இந்த நாற்றம்தான். சிறு வயதில் ஒரு புரட்டாசி முழுதும் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால் அந்த நாற்றம் நின்றது, வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்தத் துயரம் இன்னொரு வீட்டுக்கு வரவேண்டாம் என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அக்டோபர் 19

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ஆடியில் நமக்குத் துணை நின்ற அமைப்பே இப்போது சிக்கலாகிறது: தெற்கு வடக்காக நீண்ட பட்டறையின் அகன்ற கிழக்கு முகத்தில் சாரல் நேராக அடிக்கும். கிழக்கிலும் வடக்கிலும் கீற்றுத் தட்டிகளைச் சாய்வாக, பட்டறையிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தொங்கவிடுங்கள். சாரல் தட்டியில் பட்டு வழிய வேண்டும், காற்று அடியில் நுழைய வேண்டும். தார்ப்பாய் போடுபவர்கள் மழை விட்டதும் கட்டாயம் சுருட்ட வேண்டும். இரவு முழுதும் தார்ப்பாய் மூடிய பட்டறைக்குள் வெங்காயம் விடும் மூச்சே வியர்வையாகி அதன்மேல் சொட்டும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அடித்தளத்தின் கீழே நீர் தேங்கினால் இரண்டடி உயரமும் பயனற்றது.

மழைக்கு முன்பே விதைப் பட்டறையைத் திறந்து விற்று முடித்ததாகத் தம்பி எழுதியிருக்கிறார். மனம் நிறைந்தது.

அவரே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வேலியோரம் படர்ந்த அரசாணிக்காயையும் (மஞ்சள் பூசணி) பூசணியையும் (வெண்பூசணி) இப்படி வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், குளிர்காலத்து விற்பனைக்கு அவற்றைவிட நம்பிக்கையானவை குறைவு. அரசாணிக்காயின் காம்பு காய்ந்து கட்டையாகி, நகத்தால் அழுத்தினால் தோலில் பதியாத நிலையில் அறுக்க வேண்டும். காம்பை இரண்டு மூன்று அங்குலம் விட்டு அறுங்கள். அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்த இடத்தில் அழுகல் புகும். பத்து நாள் நிழலில் வைத்துத் தோலை இறுகவிட்டு, பிறகு மூங்கில் தளத்தின்மேல் வைக்கோல் பரப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே அடுக்காக வையுங்கள். இரண்டு மூன்று மாதம் எளிதாக நிற்கும். பூசணியின் மேல் படிந்திருக்கும் வெண்பொடியைத் துடைக்கவோ கழுவவோ வேண்டாம். அந்தப் பொடிதான் அதன் காப்பு. பூசணிக்கு ஆயுத பூசையில் ஒரு விலை, பிறகு தை முகூர்த்தச் சமையலில் ஒரு விலை. அரசாணிக்காய்க்குத் தைப்பொங்கலும், அதை ஒட்டிப் பழனிக்கு நடந்து போகும் தைப்பூச அடியார்களுக்குக் காங்கயம், தாராபுரம் சாலைகளில் நடக்கும் அன்னதானமும் உண்டு.

அக்டோபர் 20

செங்கல்லால் இரட்டைச் சுவர் கட்டி நடுவே மணல் நிரப்பித் தண்ணீர் ஊற்றும் குளிர்ப் பெட்டியில் வெங்காயம் வைக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: கூடவே கூடாது. புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அந்தப் பெட்டி மின்சாரமின்றி வெப்பத்தைக் குறைக்கிறது, உள்ளே ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. கீரை, கேரட், பீட்ரூட், தக்காளி ஆகியவற்றைச் சந்தை நாள் வரை சில நாள் வாடாமல் வைக்க அது அருமையானது. வெங்காயத்துக்கும் அரசாணிக்கும் வேண்டியது 65, 70 விழுக்காட்டு உலர்ந்த காற்று. ஒரே கூரையின்கீழ் எல்லாக் காய்களையும் வைக்க நினைப்பதே பல தோட்டங்களில் இழப்புக்குத் தொடக்கமாக இருக்கிறது.

நவம்பர் 25

கார்த்திகை பிறந்துவிட்டது, இனி எதிரி முளைப்பு.

வெங்காயத்தின் உறக்கம் இரண்டு நிலைகளில் கலையாமல் நீடிக்கும்: பூச்சியப் பாகை செல்சியஸை ஒட்டிய கடுங்குளிரில், அல்லது 25 முதல் 30 பாகை வரையுள்ள உலர்ந்த வெப்பத்தில். இடைப்பட்ட 10 முதல் 20 பாகையில்தான் அது மிக விரைவாக விழித்துக்கொள்கிறது. நம் மார்கழி இரவுகள் 18, 19 பாகைக்கு இறங்குகின்றன. வட நாட்டுக் குளிரைப் போல உறங்க வைக்கவும் போதாத, நம் ஆடியைப் போல உலர வைக்கவும் இயலாத குளிர் இது. அதோடு விடியற்பனியின் ஈரமும் சேர்கிறது. ஆடியில் ஏற்றியதற்கு உறக்க காலமும் இப்போது முடிந்திருக்கும். எனவே கார்த்திகைக்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இழப்பு முந்தைய மாதங்களைவிட வேகமாக ஏறும். ஆகஸ்டு 3 அன்று முப்பது விழுக்காடு என்று ஒரே எண்ணாக எழுதியிருந்தேன். அது ஐந்து மாதத்துக்கும் சீராகப் பரவுவது போன்ற எண்ணத்தைத் தந்திருக்கலாம். உண்மையில் அதில் பெரும்பங்கு கடைசி ஆறு வாரத்தில் வருகிறது. மார்கழி முதல் வாரத்தில் விற்பதும் கடைசி வாரத்தில் விற்பதும் ஒன்றல்ல.

மாலையில் தட்டிகளைக் கட்டி, வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு அவிழ்ப்பது ஓரளவு உதவும். குளிர்பதனக் கிடங்கில் கொண்டுபோய் வைக்கலாமா என்றால், உருளைக்கிழங்குக்கு வைக்கும் 4 பாகையும் அதிக ஈரமும் வெங்காயத்துக்குப் பொருந்தாது. வெளியே எடுத்தவுடன் மேலெல்லாம் வியர்த்து, சில நாளில் முளைவிடும். அதற்கென்றே ஈரத்தைக் கட்டுப்படுத்திய அறை இருந்தால் வேறு பேச்சு. அந்த வாடகை ஒன்றரை ஏக்கருக்குக் கட்டுபடியாகாது.

டிசம்பர் 10

விலை ஏறிக்கொண்டிருக்கும்போது ஏன் இறக்கச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது, அவருக்குப் பழைய வரலாற்றை நினைவூட்டுகிறேன். 2019 செப்டம்பர் இறுதியில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2020 செப்டம்பர் 14 அன்று மீண்டும் வந்தது. 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று தடை. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது, வரியோ 2025 ஏப்ரல் 1 அன்றுதான் முழுதாக நீங்கியது. இவை எல்லாம் பெரிய வெங்காயத்தின் விலையை மனத்தில் வைத்து எடுத்த முடிவுகள். ஆனால் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நம் சின்ன வெங்காயமும் அதே வலையில் சிக்கியது. சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு வேண்டும் என்று நம் உழவர்கள் கேட்டுவருவது இதனால்தான். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது என்று நான் நம்புகிறேன்.

விலை உச்சத்தை நெருங்கும் நேரம்தான் அரசு கையை வைக்கும் நேரமும். அந்த நாளில் பட்டறையில் முழுச் சரக்கும் இருப்பவன் முழுதும் அடிபடுவான். மூன்றில் ஒரு பங்கு மட்டும் வைத்திருப்பவன் தாங்குவான்.

டிசம்பர் 27

தம்பியிடம் இன்னும் ஒன்றரை டன் இருக்கிறதாம், பொங்கல் வரை நிறுத்தலாமா என்கிறார். நிறுத்த வேண்டாம். ஐப்பசியில் ஊன்றிய புது வெங்காயம் மார்கழிக் கடைசியிலேயே தலைகாட்டத் தொடங்கித் தையில் குவிந்துவிடும். புதுக்காய் வந்த பிறகு பட்டறைக் காயின் உலர்ந்த தோலுக்கும் எடைக்கும் சில வியாபாரிகள் மதிப்புக் கொடுப்பார்கள் என்றாலும், முளை தெரிந்த நொடியில் அந்த மதிப்பு போய்விடும்.

இறக்கும் முறை: ஒரு முனையிலிருந்து தொடங்கி, அன்றன்று விற்கக்கூடிய அளவு மட்டும் எடுங்கள். எடுத்ததை அரை நாள் நிழலில் பரப்பி, சருகைப் புடைத்து, மூன்றாகப் பிரியுங்கள். கெட்டியான நடுத்தரக் காய் வலைச் சாக்கில் மண்டிக்கு. பொடிக்காய் உழவர் சந்தைக்கு. அடையாள அட்டை இருந்தால் அங்கே கமிஷன் இல்லை, திருப்பூரில் சாம்பாருக்கு உரிக்கிற குடும்பங்கள் சிறிய காயையும் விரும்பி வாங்குகின்றன. முளை எட்டிப் பார்க்கும் காயைக் குப்பையில் கொட்டாதீர்கள். பாத்தி ஓரத்தில் நெருக்கமாக ஊன்றினால் மூன்று நான்கு வாரத்தில் வெங்காயத் தாளாக விற்கலாம்.

சாக்கில் கட்டிய பிறகு இரவு வைத்திருக்க நேர்ந்தால் சிமெண்ட் தரையில் அடுக்காதீர்கள். இத்தனை மாதம் காத்த காய் ஓர் இரவில் தரை ஈரத்தை உறிஞ்சிவிடும்.

ஜனவரி 21

பட்டறை காலியாகிவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். முதலில் விற்றது, விதைக்காய், கார்த்திகையில் ஒரு பகுதி, மார்கழியில் மிச்சம் என்று நான்கு விலை கிடைத்ததாம். எதுவும் இரண்டு மடங்கு இல்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து ஆடியில் மொத்தமாக விற்றிருந்தால் வந்திருக்கும் தொகையைவிட மேல், கடனும் அடைந்தது என்கிறார். இதைவிட நல்ல செய்தி இந்த இழைக்கு வரமுடியாது.

அவர் நிலையான சேமிப்புக் கட்டடத்துக்கு மானியம் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. 2014ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்க நெறிமுறைகளில் 25 டன் கொள்ளளவுள்ள குறைந்த செலவு வெங்காயச் சேமிப்பு அமைப்புக்கு ரூ.1.75 லட்சம் என்று மதிப்பிட்டு அதில் 50 விழுக்காடு மானியம் வைத்திருந்தார்கள். நடப்பு ஆண்டின் தொகையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு, சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு மனு கொடுங்கள். வேலையைத் தொடங்கும் முன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எட்டு டன் ஏற்றுகிற உங்களுக்கு 25 டன் பெரிது. பக்கத்துத் தோட்டத்து மாமனையும் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் மூன்று பேருக்கும் போதும், ஆனால் நடுவே தட்டி வைத்து மூன்று அறையாகப் பிரியுங்கள். ஒருவர் ஈரக் காயை ஏற்றினால் மற்ற இருவருடையதும் கெடும். எனவே எந்தக் காய் ஏறலாம் என்பதை மூவரும் சேர்ந்து நின்று பார்த்து முடிவு செய்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய கீற்றை மறுபடி பயன்படுத்த வேண்டாம். மூங்கில் தளத்தைக் கூட்டி, சருகை ஒன்றுவிடாமல் எரித்து, சுண்ணாம்பு நீர் அடித்து, மாசி வெயிலில் திறந்து போடுங்கள்.